கண்ணுள் வைத்த கண்ணாடி

தருமபுரி மாவட்டத்தின் மேற்கே, காவிரியாறு பாறைகளின் இடையே வீழ்ந்து புகைபோலத் திவலை எழுப்பும் ஒகேனக்கல்லுக்குச் செல்லும் சாலையில், பென்னாகரம் என்னும் ஊர் இருக்கின்றது. கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் மேட்டு நிலம். சாலையோரமெல்லாம் புளிய மரம். ஊரைச் சூழ்ந்த மலைகளின்மேல் சிற்றூர்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றாகிய கோட்டூர் மலைக்கு, 2021 ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போதும் வாக்குப்பதிவு எந்திரங்கள் கழுதையின் முதுகில் ஏறித்தான் சென்றன. கண் மருத்துவத்தின் வரலாற்றைச் சொல்ல வந்தவன் கழுதையைப் பற்றிப் பேசுகின்றானே என்று நேயர்கள் எண்ணக் கூடும். காரணம் உண்டு. கண்ணில் புரை விழுந்த முதியவர் ஒருவருக்கு எவ்வகை வில்லையைப் பொருத்துவது நல்லது என்னும் வினாவுக்கு விடை காண்பதில், லண்டன் மாநகரத்து மருத்துவமனைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த மலைப்பாதைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

கண்ணின் பாவைக்குப் பின்னால், பளிங்கு போன்றதொரு வில்லையை இயற்கை அமைத்திருக்கின்றது. குழந்தையின் கண்ணில் தெளிநீர் போல விளங்கும் அவ்வில்லை, ஆண்டுகள் ஏற ஏற மஞ்சளித்து, பின்பு பழுப்பேறி, முடிவில் பால்போல் வெளுத்துக் கலங்குகின்றது. அக்கலக்கமே கண்புரை. 'கண்ணில் பூ விழுந்தது' என்று நாட்டுப்புறத்தார் சொல்வது பெரும்பாலும் வேறு நோய். அது கண்ணின் முன்புறத்துக் கருவிழியில் தழும்பேறுவது. இரண்டும் வெண்மையாகத் தோன்றுவதால் பெயர்கள் மயங்குவதுண்டு. பூ விழுந்த கண்ணுக்கு வில்லையை மாற்றிப் பயனில்லை. புரை விழுந்த கண்ணுக்கு அதுவே மருந்து. வில்லையைச் சுற்றி, வெங்காயச் சருகினும் மெல்லிய ஒரு பை இருக்கின்றது. இந்தப் பையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். இக்கதையின் பிற்பகுதி முழுவதும் அதனைச் சுற்றியே நிகழ்கின்றது.

புரையை அகற்றுவதற்குப் பாரத நாட்டில் மிகத் தொன்மையான முறை ஒன்று இருந்தது. சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல் அதனை விரித்துரைக்கின்றது. வாற்கோதுமையின் வடிவில் நுனி அமைந்த சலாகையைக் கண்ணின் வெள்ளைப் பகுதி வழியாகச் செலுத்தி, ஒளியை மறைக்கும் பொருளை விலக்குவது அம்முறை. பின்வந்தோர் கையில் அது, கலங்கிய வில்லையைக் கண்ணின் அடிப்புறத்தில் அமிழ்த்திவிடும் தொழிலாக நிலைபெற்றது. வில்லை வெளியே வருவதில்லை. பார்வைப் பாதையினின்று நகர்ந்து உள்ளேயே கிடக்கும். ஆனால் அக்கணமே ஒளி உள்ளே பாயும். பல ஆண்டுகளாக இருளில் இருந்தவர், எதிரே நிற்பவரின் கைவிரல்களை எண்ணிச் சொல்வார். உற்றார் மகிழ்ந்து ஊசி வைத்தியருக்குக் கூலியும் துணியும் கொடுப்பர். வைத்தியர் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவார். உள்ளே அமிழ்ந்த வில்லை என்ன செய்கின்றது என்பதை அவர் அறியார். அறிய வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

இக்கட்டாயத்தைத் தாமே மேற்கொண்ட ஒருவர் தமிழகத்தில் இருந்தார். அவர் மருத்துவர் அல்லர், மன்னர். 1798 முதல் 1832 வரை தஞ்சையில் ஆண்ட இரண்டாம் சரபோசி, கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்பேடுகளை எழுதி வைக்கச் செய்தார். நோயாளி இன்னார், கண்ணின் நிலை இது, செய்த சிகிச்சை இது, பின்னர்ப் பார்வை இவ்வாறு இருந்தது என்று அவை கூறுகின்றன. கண்ணின் தோற்றத்தை வண்ண ஓவியமாகவும் தீட்டியிருக்கின்றனர். அவ்வேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் வரிசையை அறிந்தவர்கள் மன்னரின் மருத்துவ ஆர்வத்தை அறிவார்கள். ஆயினும் எனக்கு மருந்துக் குறிப்புகளினும் இக்கண் குறிப்பேடுகளே பெரியனவாகத் தோன்றுகின்றன. சிகிச்சை செய்தவர் அதன் பயனைத் தாமே எழுதி வைப்பது, ஊசி வைத்தியருக்கு இல்லாத ஒழுக்கம் அன்றோ?

சென்னையில் கண்ணுக்கெனத் தனி மருத்துவமனை 1819 ஆம் ஆண்டு தோன்றியது. ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றான அது, பின்னர் எழும்பூரில் நிலைபெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைவராக இருந்த இராபர்ட் ஹென்றி எலியட், கண்ணழுத்த நோய்க்குக் கண்ட அறுவை முறையால் உலகப் புகழ் எய்தினார். நம் கதைக்கு வேண்டியது அவர் செய்த மற்றொரு பணி. ஊசியால் வில்லை தள்ளப்பட்டுப் பின்னர்க் கெட்டுப்போன கண்களோடு மக்கள் எழும்பூருக்கு வந்துகொண்டே இருந்தனர். அவர் அக்கண்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அமிழ்ந்த வில்லை கசிந்து அழற்சியை மூட்டியிருக்கும். அல்லது கண்ணில் நீரழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருக்கும். அல்லது தூய்மையற்ற ஊசி வழியே சீழ் புகுந்திருக்கும். இவற்றை 1917 ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் சொற்பொழிவாக நிகழ்த்தி, பின்பு நூலாகவும் வெளியிட்டார். கட்டவிழ்த்த நாளில் வெற்றி. சில திங்களில் தோல்வி. கண்புரை மருத்துவத்தின் வரலாறு முழுவதும் இவ்விரண்டு நாள்களுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க முயன்ற வரலாறு என்றே சொல்லலாம்.

வில்லையைத் தள்ளாமல் வெளியே எடுத்துவிடும் முறையை 1747 இல் பிரெஞ்சு மருத்துவர் ழாக் தாவியேல் தொடங்கி வைத்தார். கருவிழியின் ஓரத்தை அறுத்து, பையைக் கீறி, உள்ளிருக்கும் வில்லையை மட்டும் வெளிப்படுத்தினார். பை ஓரளவு உள்ளேயே தங்கியது. தங்கிய பகுதி பின்னர்க் கலங்குவது கண்டு, பிற்காலத்தார் பையோடு சேர்த்தே எடுத்துவிட முனைந்தனர். இதில் உலகத்துக்கே வழிகாட்டியவர் பஞ்சாப் மாநிலத்து ஜலந்தரில் பணியாற்றிய கர்னல் ஹென்றி ஸ்மித். கண்ணை வெளிப்புறமிருந்து பக்குவமாக அழுத்தி, பையும் வில்லையும் ஒருங்கே வெளிவரச் செய்யும் அவரது முறை 'இந்திய அறுவை' என்றே மேனாட்டு நூல்களில் பெயர் பெற்றது. பல்லாயிரம் கண்களை அவர் இவ்வாறு அறுத்தார். பிறகு 1961 இல் போலந்து நாட்டு மருத்துவர் கிர்வாவிச், குளிரூட்டிய கோலின் நுனியில் வில்லையை ஒட்டவைத்து எடுக்கும் முறையைக் கண்டார், வேலை எளிதாயிற்று. பை போயிற்று. அது போனதால் யாரும் வருந்தவில்லை. அதற்கு ஒரு பயன் இருக்கும் என்று அன்று எவரும் எண்ணவில்லை.

வில்லையை எடுத்துவிட்டால் கண் குவியும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே இழந்துவிடுகின்றது. அவ்விழப்பை ஈடு செய்ய மூக்கின்மேல் தடித்த கண்ணாடி ஏறிற்று. ஊரார் அதற்கு வைத்த பெயர் 'சோடாப்புட்டிக் கண்ணாடி'. இதன் ஆற்றல் ஏறத்தாழ பத்து டயாப்டர். அது பொருள்களைக் கால் பங்குக்கும் மேல் பெரிதாக்கிக் காட்டும். படியில் காலை வைத்தால் படி முன்னே நிற்பதாகத் தோன்றும்; டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் கை டம்ளரை எட்டாமல் முன்னமே நின்றுவிடும். பார்வையின் ஓரத்தில் வளையம்போல் ஒரு குருட்டுப் பகுதி ஏற்படும். அதன் வழியே ஒரு மாடு வந்தால், திடீரென்று கண்முன் முளைத்தாற்போல் தோன்றும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை நடந்தால் இருவேறு அளவுள்ள காட்சிகளை மூளை இணைக்க மாட்டாது தவிக்கும். இவையெல்லாம் பழகிவிடும் என்று சொல்வார்கள்; பலருக்குப் பழகவும் செய்தது. ஆனால் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தால்?

இந்தியாவில் பள்ளிக்கூடங்களிலும் சத்திரங்களிலும் கண் சிகிச்சை முகாம்கள் பெருகிய காலம் அது. ஒரே முகாமில் நூற்றுக்கணக்கானோருக்கு அறுவை நடக்கும். பாயில் வரிசையாகப் படுத்திருப்பார்கள். தலையை அசைக்கலாகாது என்று காவல் இருக்கும். கட்டவிழ்த்துக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். கணக்கேட்டில் ஒருவர் பார்வை பெற்றவராகப் பதிவாகிவிடுவார். மலையேறிச் சென்றபின் அவருடைய கண்ணாடி கல்லில் விழுந்து நொறுங்கினால், அவர் மறுபடியும் குருடர். அது எந்தக் கணக்கிலும் ஏறாது. கண்ணாடி செய்யும் கடை பல கல் தொலைவில் இருந்தது. முகாம்களின் தொண்டை நான் குறைத்துப் பேசவில்லை. அவை இல்லாவிடின் அப்பார்வையும் இல்லை. ஆனால் மருத்துவத்தின் பயன் மூக்கின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை மறைக்க இயலாது.

அக்கண்ணாடியைக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிடலாகாதா? இந்த எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தோன்றியது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கஸாமாட்டா என்னும் கண் மருத்துவர் கண்ணாடி வில்லை ஒன்றை வைத்துப் பார்த்தார் என்பர். வில்லை கண்ணின் அடியில் அமிழ்ந்துபோயிற்று. பிறகு ஒன்றரை நூற்றாண்டு எவரும் அதைத் தொடவில்லை. கண்ணுக்குள் அயல்பொருள் புகுந்தால் கண் கெடும் என்பது அனைவரும் ஏற்ற விதி. அந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு என்பதைக் காட்டியது போர்.

1940 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்தின் வானில் நடந்த போரில், கார்டன் கிளீவர் என்னும் விமானியின் ஹரிக்கேன் விமானம் சுடப்பட்டது. விமானி அமரும் இடத்தின் மேல்மூடி பெர்ஸ்பெக்ஸ் என்னும் தெளிந்த பிளாஸ்டிக்கால் ஆனது. அது சிதறி, அவருடைய கண்களில் துணுக்குகள் புகுந்தன. அவரையும் அவர்போல் காயமுற்ற பிறரையும் கவனித்தவர்களுள் ஒருவர் ஹரால்டு ரிட்லி. கண்ணுக்குள் தங்கிய அத்துணுக்குகள் அழற்சி எதனையும் மூட்டாமல் ஆண்டுக்கணக்கில் அமைதியாகக் கிடப்பதை அவர் கண்டார். கண்ணின் அசையும் உறுப்பைத் துணுக்கின் கூர்முனை உரசினால் மட்டும் தொல்லை. இந்தக் குறிப்பும் நமக்குப் பின்னால் வேண்டும். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் புரை எடுப்பதைக் கண்டு நின்ற மாணவர் ஒருவர், 'எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொன்றை வைக்க மாட்டீர்களா?' என்று வினவியதாகச் சொல்வர். மாணவர்கள் கேட்கும் வினாக்களை ஆசிரியர்கள் இகழலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

ரிட்லி ஆழ்ந்த மறைவில் வேலை செய்தார். விமான மூடிக்குரிய அதே பொருளைத் தூய்மை செய்து, ரெய்னர் என்னும் ஒளியியல் நிறுவனம் வில்லையாகக் கடைந்து கொடுத்தது. 1949 நவம்பர் 29 ஆம் நாள் ஒரு பெண்மணியின் புரையை எடுத்தார். 1950 பிப்ரவரி 8 ஆம் நாள் வில்லையை நிலையாக அமர்த்தினார். வில்லையின் ஆற்றல் வேண்டியதினும் மிகுந்துவிட்டதால் அப்பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை நேர்ந்தது. எனினும் வில்லை தெளிவாக இருந்தது. கண் அதை வெறுக்கவில்லை. 1951 இல் ஆக்ஸ்போர்டு மாநாட்டில் இதை வெளிப்படுத்தினார். புகழ்பெற்ற மருத்துவர்கள் முகம் திருப்பிக்கொண்டனர். கண் மருத்துவன் அயல்பொருளைக் கண்ணிலிருந்து எடுப்பவன். வைப்பவன் அல்லன் என்பது அவர்கள் வாதம்.

அவர்களைப் பழைமைவாதிகள் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ரிட்லியின் வில்லை பருமனானது. சில கண்களில் நிலைபெயர்ந்து பின்னோக்கிச் சரிந்தது. அதைத் தடுக்க 1950 களில் இத்தாலியிலும் பிரான்சிலும் வேறு சிலர், வில்லையைக் கண்ணின் முன்னறையில், கருவிழிக்கு நேர் பின்னால் பொருத்தினர். பொருத்துவது எளிது, மறுநாள் பார்வையும் அருமை. ஆனால் கருவிழியின் உட்புறத்தில் ஓர் உயிரணுப் படலம் இருக்கின்றது. கருவிழியினின்று நீரை இறைத்துக்கொண்டே இருந்து, அதைத் தெளிவாக வைத்திருப்பது அப்படலமே. அழிந்த அணுக்களுக்கு ஈடாக மனிதர் கண்ணில் புதியவை பெருகுவதில்லை. முன்னறையில் அமர்ந்த வில்லை அப்படலத்தை நாளும் சிறிது சிறிதாகத் தேய்த்தது. ஆண்டுகள் சில சென்றபின் கருவிழி வீங்கிக் கலங்கிற்று. வில்லையைத் தாங்கிய நைலான் வளையங்கள் கண்ணுக்குள் சிதைந்ததும் உண்டு. பார்சிலோனாவின் பெரும் அறுவை மருத்துவர் ஹோவாக்கின் பர்ராக்கர், தாம் வைத்த வில்லைகளில் பலவற்றைத் தாமே திரும்ப எடுக்கவேண்டியதாயிற்று. ஊசி வைத்தியருக்கு நேர்ந்தது மறுமுறையும் நேர்ந்தது. வேறுபாடு ஒன்று உண்டு: இம்மருத்துவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. ஆண்டுதோறும் நோயாளியை வரவழைத்துப் பார்த்தனர். கண்ட தீங்கை மறையாது எழுதினர். அதனால் அத்தவறு அவர்களோடு நின்றது.

வில்லையை எங்கே வைப்பது என்னும் வினாவுக்கு விடை, தூக்கி எறிந்த பையிலேயே இருந்தது. டச்சு மருத்துவர் பிங்கார்ஸ்ட், பையை விட்டுவைத்த கண்களில் வில்லை உறுதியாக நிற்பதைக் கண்டு சொன்னார். 1977 இல் அமெரிக்க மருத்துவர் ஷியரிங், இரு மெல்லிய வளைந்த கைகளையுடைய வில்லையைப் பாவைக்குப் பின்னால் அமைத்தார். கருவிழிக்கு எட்டாத தொலைவு. அசையும் திரையோடு உரசல் இல்லை. இயற்கை வில்லை இருந்த அதே இருக்கை. தாவியேலின் பழைய முறை புது நுணுக்கத்தோடு திரும்பி வந்தது. முன்பு குப்பையில் போட்ட பை, இப்பொழுது மருத்துவர் உயிரைப்போல் காக்கும் பொருளாயிற்று.

இந்நிலையில் கதை மதுரைக்கு வருகின்றது. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918 இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனபோதும், அவ்விரல்களுக்கு ஏற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களில் அறுவை செய்தவர். அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றபின், 1976 இல் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் படைத்தவர் தரும் கட்டணத்தால் ஏழைக்கு இலவச அறுவை என்பது அதன் ஏற்பாடு. 1980 களில் அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு முள் தைத்தது. கட்டணம் செலுத்துவோர் கண்ணில் வில்லை. இலவச நோயாளியின் மூக்கில் சோடாப்புட்டி. வெளிநாட்டு வில்லை ஒன்றின் விலை ஏறத்தாழ 100 டாலர். ஏழை நாடுகளுக்கு இது ஆடம்பரம், கண்ணாடியே போதும் என்று உலக வல்லுநர் பலர் கருதினர். அவர்கள் கருத்தில் ஒரு நியாயமும் இருந்தது. வில்லை வைத்தபின் பை கலங்கினால் கவனிக்க ஆள் வேண்டும், கருவி வேண்டும். அந்தக் கவனிப்பு கிடைக்காத இடத்தில் கண்ணாடியே காப்பு என்றனர்.

வாதத்தை வாதத்தால் தீர்க்காமல், சோதித்துத் தீர்க்க முற்பட்டது மதுரை. நோயாளிகள் 3400 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாகப் பகுத்தனர். ஒரு பிரிவுக்குப் பையோடு வில்லையை எடுத்துத் தடித்த கண்ணாடி கொடுத்தனர். மறு பிரிவுக்குப் பையைக் காத்து உள்ளே வில்லை வைத்தனர். இரு சாராரையும் ஓராண்டு தொடர்ந்து பார்த்தனர். பார்வைப் பலகையை மட்டும் நம்பாமல், நடமாட முடிகின்றதா, தம் வேலையைத் தாம் செய்துகொள்ள முடிகின்றதா என்றும் கேட்டறிந்தனர். 1998 இல் முடிவுகள் அச்சேறின. வில்லை வைக்கும் முறை தீங்கற்றது. பார்வையிலும் வாழ்க்கையிலும் அதுவே மேல் என்று தெளிவாயிற்று. இதற்கிடையே 1992 இல் மதுரையிலேயே ஆரோலேப் என்னும் வில்லைத் தொழிற்சாலை எழுந்தது; வில்லையின் விலை பத்தில் ஒரு பங்காய்க் குறைந்தது. 1994 முதல் 2002 வரை உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டம், அரசு மருத்துவமனைகளிலும் வில்லை முறையைப் பரப்பிற்று. சோடாப்புட்டிக் கண்ணாடி ஊர்களிலிருந்து மெல்ல மறைந்தது. இன்றைய மாணவர்களில் பலர் அதனைக் கண்டிருக்க மாட்டார்கள்.

வல்லுநர்கள் எழுப்பிய ஐயம் மட்டும் எஞ்சி நின்றது. புரை எடுக்கும்போது பையின் சுவரில் ஒட்டிய சில உயிரணுக்கள் தங்கிவிடுகின்றன. அவை மெல்ல ஊர்ந்து, புதிய வில்லைக்குப் பின்னால் உள்ள பையின் பின்சுவரில் படர்கின்றன. இரண்டு, மூன்று, ஐந்து ஆண்டுகளில் பார்வை மறுபடியும் மங்குகின்றது. 'புரை திரும்ப வளர்ந்துவிட்டது' என்று முதியோர் சொல்வது இதனைத்தான். வில்லை பழுதாகவில்லை; பை கலங்கியிருக்கின்றது. யாக் என்னும் லேசர் ஒளியால் அந்தப் பின்சுவரில் ஒரு சாளரம் திறந்துவிட்டால் பார்வை மீளும். வலியில்லை, சில நிமிட வேலை. நகரத்தில் வாழ்வோர்க்கு இது ஒரு பொருட்டே அன்று.

இனிக் கோட்டூர் மலைப்பாதையை நினைவுகூர வேண்டும். பென்னாகரத்திலிருந்து தருமபுரி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மலையினின்று இறங்கிப் பென்னாகரம் வந்து சேர்வதே முதியவர்க்கு ஒரு நாள் வேலை. துணைக்கு வரும் மகனுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. பார்வை மங்குவதோ ஒரே நாளில் நிகழ்வதன்று. வயதானால் இப்படித்தான் என்று அவர் திண்ணையில் அமர்ந்துவிடுவார். ஆகவே அவருக்குரிய நல்ல வில்லை எது? மறுபடியும் மருத்துவமனைக்கு வரவேண்டிய தேவையை மிகக் குறைப்பது எதுவோ, அதுவே.

அந்தக் குணம் வில்லையின் எப்பகுதியில் இருக்கின்றது என்பது நெடுநாள் விளங்கவில்லை. 1990 களில் மென்மையான அக்ரிலிக் வில்லைகள் வந்தபோது, அவற்றை வைத்த கண்களில் பை கலங்குவது குறைந்திருந்தது. பொருளின் மேன்மையே காரணம் என்று பலர் நினைத்தனர். ஜப்பானிய மருத்துவர் நிஷி, காரணம் விளிம்பு என்று காட்டினார். அவ்வில்லைகளின் பின்விளிம்பு உருண்டையாக இல்லாமல், செங்கல்லின் ஓரம்போல் சதுரமாக வெட்டப்பட்டிருந்தது. பை அந்த ஓரத்தில் இறுகி மடியும்போது ஒரு வரப்பு உண்டாகின்றது. ஊர்ந்து வரும் அணுக்கள் அவ்வரப்பைத் தாண்ட இயலாமல் நிற்கின்றன. கண்ணுக்குள் கூரிய ஓரம் தீது என்று போர் விமானியின் கண் கற்பித்தது உண்மையே; ஆனால் அசையாத பைக்குள் அதே ஓரம் காவலாயிற்று.

அவ்வாறாயின், விலை குறைந்த பழைய கெட்டி வில்லையின் விளிம்பையும் சதுரமாக்கினால் என்ன? மதுரையில் அதைச் செய்து பார்த்தனர். ஒரே நோயாளியின் ஒரு கண்ணில் உருண்டை விளிம்புள்ள வில்லை, மறு கண்ணில் சதுர விளிம்புள்ள வில்லை. இரண்டும் ஒரே பொருளால் ஆனவை. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியபின் 2017 இல் முடிவை வெளியிட்டனர். சதுர விளிம்புள்ள கண்களில் பை கலங்குவது பெரிதும் குறைந்திருந்தது. ஒருவருடைய இரு கண்களையே தராசின் இரு தட்டாக வைத்து, ஒன்பது ஆண்டு காத்திருந்து எடை பார்த்த இந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கின்றேன். எலியட் எழும்பூரில் தொடங்கிய வேலைக்கு இது நேர் வாரிசு.

இன்று கடையில் பல வில்லைகள் உண்டு. மடித்துச் செலுத்தும் மென்வில்லைக்குச் சிறு கீறல் போதும்; கண் விரைவில் ஆறும். கெட்டி வில்லைக்கு ஆறு மில்லிமீட்டர் அளவில் வழி வேண்டும். ஆயினும் தையலின்றித் தானே மூடிக்கொள்ளும் கீறல் முறை வந்துவிட்டது. புதியது என்பதாலேயே சிறந்தது என்று எண்ணிவிடலாகாது. 2000 ஆம் ஆண்டை ஒட்டி, நீரை ஏற்கும் ஒருவகை மென்வில்லை, வைத்த ஓரிரு ஆண்டுகளில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து வெளுத்தது. பல கண்களில் அதை எடுத்து மாற்ற நேர்ந்தது. தொலைவும் அண்மையும் ஒருங்கே காட்டும் பல்குவிய வில்லை கண்ணாடித் தொல்லையைக் குறைக்கும். ஆனால் ஒளியைப் பங்கிடுவதால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தோன்றும், மங்கிய ஒளியில் காட்சி சற்றுக் கலையும். விளக்கு அரிதான மலைவழியில் நடப்பவருக்கு அது ஏற்றதா என்று கேட்டே கொடுக்க வேண்டும். பெரும்பாலோர்க்குத் தொலைவுக்கு அமைத்த ஒருகுவிய வில்லையும், அண்மை வேலைக்கு ஒரு மெல்லிய கண்ணாடியும் போதும். புளியங்கொட்டை எடுக்கும் மூதாட்டிக்குக் கையெட்டும் தொலைவே உலகம். ஆடு மேய்ப்பவருக்கு எதிர்க் குன்றின் சரிவே உலகம். இதை மருத்துவர் கேட்காவிட்டால் நோயாளியாவது சொல்ல வேண்டும்.

வில்லையின் ஆற்றலை அளந்து வைப்பதும் விளிம்பைப்போலவே முக்கியம். கண்ணின் நீளத்தை ஒலியலைக் கருவியால் அளக்கின்றனர். அளவில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தால் பார்வையில் இரண்டரை முதல் மூன்று டயாப்டர் பிழைக்கும். ரிட்லியின் முதல் நோயாளிக்கு நேர்ந்த கிட்டப்பார்வை, அளக்கும் வழி செம்மையுறாத காலத்தின் அடையாளம். முற்கால முகாம்களில் எல்லார்க்கும் ஒரே ஆற்றலுள்ள வில்லையை வைத்ததும் உண்டு. இன்று முகாமில் சோதனை மட்டும் நடக்கும். அளப்பதும் அறுப்பதும் மருத்துவமனையில்தான்.

நல்ல வில்லை நெடுங்காலம் தெளிவாகவே இருக்கும். ஆனால் அதன் பின்னால் உள்ள விழித்திரையும் நரம்பும் மனிதரோடு சேர்ந்து மூப்படைகின்றன. நீரிழிவு விழித்திரையைக் கெடுக்கும். கண்ணழுத்தம் ஓசையின்றி நரம்பை அரிக்கும். அறுவைக்குப்பின் பல ஆண்டு கழித்துப் பார்வை மங்கினால், பை கலங்கியதா, திரை கெட்டதா, நரம்பு பட்டதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். அதனால்தான் வில்லை வைத்தவுடன், அதன் உறையில் இருக்கும் சிறு ஒட்டுத்தாளை நோயாளியின் அட்டையில் ஒட்டித் தருகின்றனர். வில்லையின் வகை, ஆற்றல், வரிசை எண் அதில் இருக்கும். வீடுகளில் அது பெரும்பாலும் மருந்துச் சீட்டுகளோடு தொலைந்துபோகின்றது. உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ புரை எடுத்துக்கொண்டவராயின், அந்த அட்டையைத் தேடியெடுத்துக் குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள். இருபது ஆண்டு கழித்து வேறோர் ஊரின் மருத்துவர் முதலில் கேட்பது அதுவாக இருக்கலாம்.